முதல் தனிப் பறப்புகளில் தரையிறங்குதல்: சிறு பிழை விபத்தாக மாறாமல் தடுக்கும் முறை

பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டத் தொடங்கும் மாணவர்களால் விமானத்துக்கு நேரும் சேதங்களில் பெரும் பகுதி, தரையிறங்கும் கடைசிச் சில நொடிகளில் நேர்பவை. மூக்குச் சக்கரம் உடைவது, ப்ரொப்பல்லர் தரையில் அடிபடுவது, விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் இறங்குவது என்று அவை பலவகைப்பட்டாலும், நிகழ்ந்த வரிசையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரே அமைப்புதான் மீண்டும் மீண்டும் தென்படும். முதலில் நேரும் பிழை சிறியது, பெரும்பாலும் எந்தச் சேதமும் விளைவிக்காதது. அந்தப் பிழையை ஓடுபாதைக்கு மேலேயே சரிசெய்து எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்று செய்யும் அடுத்த முயற்சிதான் விமானத்தை உடைக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை, அழகாக இறங்குவது எப்படி என்பதைவிட, இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறும் முடிவை எந்தக் கட்டத்தில், எந்தக் கை அசைவுகளோடு எடுப்பது என்பதற்கே அதிக இடம் தருகிறது.

இங்கே சொல்லப்படுபவை செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் பிஏ-28 போன்ற, மூக்கின் கீழ் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு பிரதான சக்கரங்களும் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களுக்குப் பொருந்துபவை. எண்கள் விளக்கத்துக்காகத் தரப்பட்டுள்ளன. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்களும் உங்கள் பயிற்றுநர் விதித்த வரம்புகளும் இவற்றிலிருந்து மாறுபட்டால், அவற்றையே பின்பற்ற வேண்டும்.

புறப்படும் முன் தரையில் முடிக்க வேண்டியவை

முதல் வேலை, காற்றைக் கணக்கிடுவது. காற்று வரும் திசைக்கும் ஓடுபாதையின் திசைக்கும் இடையே 30 பாகைக் கோணம் இருந்தால் காற்று வேகத்தில் பாதி குறுக்கே அடிக்கும். 45 பாகை என்றால் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. 60 பாகையோ அதற்கு மேலோ என்றால் முழு வேகத்தையும் குறுக்குக் காற்றாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஓடுபாதை 09இல் (அதாவது 90 பாகைத் திசையில்) இறங்கப் போகிறீர்கள், காற்று 120 பாகையிலிருந்து 12 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வருகிறது என்றால், குறுக்குக் காற்று 6 நாட். காற்று விட்டுவிட்டு வீசுகிறதென்றால் வீச்சின் உச்ச வேகத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். மெட்டார் எனும் விமான நிலைய வானிலை அறிக்கையில் வரும் காற்றுத் திசை உண்மை வடக்கிலிருந்து அளக்கப்படுவது, ஓடுபாதை எண்ணும் இறங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்றுத் திசையும் பொதுவாகக் காந்த வடக்கிலிருந்து அளக்கப்படுபவை என்பதையும் மறக்கக் கூடாது.

செஸ்னா 172இன் கையேட்டில் 15 நாட், 152இன் கையேட்டில் 12 நாட் என்று காணப்படும் குறுக்குக் காற்று அளவு, அனுபவம் மிக்க சோதனை விமானி செய்து காட்டிய அளவு. தனியாகப் பறக்கும் மாணவருக்குப் பயிற்றுநர் அதைவிட மிகக் குறைந்த வரம்பை விதிப்பார். அந்த எண்ணை எழுதித் தொடையில் கட்டும் பலகையில் செருகிக்கொள்ளுங்கள். பறந்துகொண்டிருக்கும்போது காற்று அந்த எண்ணைத் தாண்டினால், ‘கொஞ்சம்தானே கூடியிருக்கிறது’ என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கும். எழுதிவைத்த எண் அதற்கு இடம் தராது.

இரண்டாவது வேலை, எந்தெந்த நிலையில் இறங்குவதைக் கைவிடுவேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. 300 அடி உயரத்தில் வேகமும் பாதையும் நிலைபெறாவிட்டால் மேலேறுவேன். ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கைக் கடப்பதற்குள் சக்கரம் தரையைத் தொடாவிட்டால் மேலேறுவேன். விமானம் உயரமாகத் துள்ளினால், அல்லது இரண்டாம் முறை துள்ளினால் மேலேறுவேன். இந்த மூன்றும் முன்கூட்டியே முடிவானவையாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. ஓடுபாதையைச் சுற்றி வந்து மறுபடி இறங்கும் நாலைந்து சுற்றுகள் கூடுதலாகப் பறக்கப் போதுமான எரிபொருளும் தொட்டியில் இருக்கட்டும். எரிபொருளைப் பற்றிய கவலை இருக்கும் மாணவர், மேலேற வேண்டிய இடத்திலும் இறங்கவே பார்ப்பார்.

பயிற்றுநர் இறங்கிய பின் விமானம் மாறுகிறது

செஸ்னா 152இன் அதிகபட்ச எடை ஏறத்தாழ 757 கிலோ. பக்கத்து இருக்கையிலிருந்து 75 கிலோ எடையுள்ள ஒருவர் இறங்கிவிட்டால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஸ்டால் வேகம், அதாவது இறக்கையின் தூக்குவிசை குலையும் வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், அது ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. இதன் விளைவுகளை மாணவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். விமானம் பழகியதைவிட விரைவாகத் தரையை விட்டு எழும்பும். சுற்றின் உயரத்தை முன்கூட்டியே எட்டிவிடும். அதே பவரில் மெதுவாக இறங்கும். பயிற்றுநருடன் பறந்த அதே வேகத்தில் வந்தாலும் ஓடுபாதைக்கு மேலே அதிக தூரம் மிதக்கும். இந்த மிதப்பை எதிர்பார்க்காத மாணவர், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி யோக்கை (கைப்பிடிச் சக்கரத்தை) முன்னே தள்ளிச் சக்கரத்தைத் தரையில் பதிக்க முயல்கிறார். மூக்குச் சக்கரச் சேதங்கள் பலவற்றின் தொடக்கம் இதுவே.

சுற்றிலும் ஃபைனலிலும்

சுற்றில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி டவுன்விண்ட், அங்கிருந்து திரும்பிக் குறுக்கே பறக்கும் பகுதி பேஸ், ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிப் பகுதி ஃபைனல். நல்ல தரையிறக்கம் ஃபைனலில் உருவாகிறது என்று பயிற்றுநர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. மாணவர்கள் இங்கே தடுமாறும் இரண்டு இடங்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒன்று, முன்னே வேறு விமானம் இருப்பதால் டவுன்விண்டை நீட்டிக்கச் சொல்லிக் கட்டுப்பாட்டாளர் பணிக்கும் தருணம். மாணவர் வழக்கமான இடத்திலேயே பவரைக் குறைத்து இறங்கத் தொடங்கிவிடுகிறார். ஓடுபாதையோ வழக்கத்தைவிடத் தொலைவில் இருக்கிறது. திரும்பி நேராகும்போது மிகத் தாழ்வாக இருப்பதைக் கண்டு மூக்கைத் தூக்குகிறார், வேகம் விழுகிறது. டவுன்விண்டை நீட்டித்தால் உயரத்தையும் அதற்கேற்பத் தக்கவைத்துக்கொண்டு, பேஸ் திருப்பம் முடிந்து ஓடுபாதை சரியான கோணத்தில் தெரிந்த பிறகே இறங்க வேண்டும். ஓடுபாதையருகே இறங்குகோணம் காட்டும் பாப்பி விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்பது சரியான பாதை. நான்கும் சிவப்பாகத் தெரிந்தால் ஆபத்தான தாழ்வு.

மற்றொன்று, பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவது. அதைப் பிடிக்க விமானத்தை அதிகம் சாய்ப்பதும், சாய்வு போதாதென்று, காலால் இயக்கும் வால் பலகையான ரடரால் மூக்கை உள்ளே தள்ளுவதும் உயிருக்கே ஆபத்தான செயல்கள். உயரத்தை இழக்காமல் 30 பாகைச் சாய்வில் திரும்பும்போது ஸ்டால் வேகம் 7 சதவீதம்தான் கூடுகிறது; 60 பாகையில் 41 சதவீதம் கூடுகிறது. 30 பாகைக்குள் திரும்பி முடியாவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு மேலேறுங்கள்.

ஃபைனலில் வேகத்தைப் பற்றி நான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். செஸ்னா 172இல் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) இறக்கிய நிலையில் 60 முதல் 70 நாட் வரை என்று கையேடு சொல்கிறது. அந்த இடைவெளியில் உங்கள் பயிற்றுநர் குறித்த எண்ணை ஒரு புள்ளியாகக் கருதி, யோக்கை அழுத்திப் பிடிக்காமலே அந்த வேகம் நிலைக்கும்படி ட்ரிம் செய்யுங்கள். ‘பாதுகாப்புக்காக’ ஐந்து நாட், ‘தனியாகப் பறப்பதால்’ இன்னும் ஐந்து நாட் என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கம் தீங்கானது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60க்குப் பதில் 70 நாட் வேகத்தில் வந்தால் ஆற்றல் 36 சதவீதம் கூடுகிறது. அந்த ஆற்றல் அத்தனையும் ஓடுபாதைக்கு மேலே மிதந்து தீர்ந்தாக வேண்டும், அந்த நீண்ட மிதப்பு முழுவதும் பிழை செய்வதற்கான நேரமாகவே அமைகிறது. காற்று விட்டுவிட்டு வீசும்போது மட்டும், சராசரி வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைச் சேர்ப்பது முறை. 10 நாட், வீச்சு 18 நாட் என்றால் சேர்க்க வேண்டியது 4 நாட்.

ஃபிளேர்: கண் எங்கே இருக்க வேண்டும்

தரையிலிருந்து சுமார் 10 முதல் 20 அடி உயரத்தில் பவரைக் குறைத்து, மூக்கை மெல்ல உயர்த்தத் தொடங்குகிறோம். இதுவே ஃபிளேர். இந்தக் கட்டத்தில் கையைவிடக் கண்தான் முதன்மையானது. ஃபைனலில் இறங்குபுள்ளியைப் பார்த்துவந்த கண்ணை, ஃபிளேர் தொடங்கும்போது ஓடுபாதையின் தொலைகோடிக்கு மாற்ற வேண்டும். விமானத்துக்கு நேர்முன்னே உள்ள தரையைப் பார்த்தால் அது மங்கலாக ஓடும். தரை வேகமாக நெருங்குவதாகத் தோன்ற, மாணவர் பதற்றத்தில் யோக்கை இழுப்பார், விமானம் மேலெழும்பும். மாறாக மிகத் தொலைவில் பார்வையைக் குத்தி நிறுத்திவிட்டால் உயரம் புலப்படாமல், ஃபிளேர் செய்வதற்கு முன்பே சக்கரம் தரையில் மோதும். தொலைகோடியைப் பார்த்தபடி, ஓடுபாதையின் இரு ஓரங்களும் பார்வையின் பக்கங்களில் விரிந்து உயர்வதை உணர்வதே உயரத்தை அறியும் வழி.

பழகிய ஓடுபாதையின் அகலமே கண்ணின் அளவுகோலாகிவிடுகிறது. பழகியதைவிடக் குறுகலான ஓடுபாதையில் உயரமாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே தாழ்வாக வந்து, தாமதமாக ஃபிளேர் செய்வோம். அகலமான ஓடுபாதையில் இதற்கு நேர்மாறாக, உயரத்திலேயே ஃபிளேர் செய்துவிடுவோம். புதிய விமான நிலையத்துக்குத் தனியாகச் செல்லும் முன் அதன் ஓடுபாதை அகலத்தைப் பார்த்துவைப்பது இதனால்தான்.

இடது இருக்கையில் அமர்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மூக்கின் நடுப்பகுதி உங்களுக்கு நேரெதிரே இல்லை, சற்று வலப்புறம் இருக்கிறது. மூக்கின் நுனியை நடுக்கோட்டின் தொலைமுனையோடு பொருத்தினால் விமானம் உண்மையில் இடப்புறம் திரும்பி நிற்கும், அப்படியே தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசும். விமானம் தரையில் நடுக்கோட்டின்மீது நேராக நிற்கும்போது, உங்கள் கண்ணுக்கு நேரெதிரே எஞ்சின் மூடியின் எந்த இடம் இருக்கிறது என்று பார்த்து, அதையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளேர் சற்றே அதிகமாகி விமானம் ஓரிரண்டு அடி மேலெழும்பினால், இருந்த நிலையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, விமானம் மறுபடி தாழத் தொடங்கியதும் மெல்ல இழுத்து இறக்கலாம். அதற்கு மேல் எழும்பினால், வேகம் கரைந்துகொண்டிருக்கும் விமானம் பல அடி உயரத்தில் தாங்குதல் இன்றி நிற்கிறது என்று பொருள். அங்கே காத்திருக்கக் கூடாது; முழு பவர் கொடுத்து மேலேற வேண்டும்.

துள்ளல், அதைத் தொடரும் அலைபாய்தல்

தனிப் பறப்பில் விமானங்களை அதிகம் நாசப்படுத்தும் நிகழ்வு இதுவென்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேகம் கூடுதலாக இருக்கும்போது மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொடுகிறது என்று வையுங்கள். மோதிய வேகத்தில் மூக்கு மேலே எறியப்படுகிறது, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது, விமானம் மறுபடி எழும்புகிறது. மாணவர் மூக்கு உயர்வதைக் கண்டு யோக்கைத் தள்ளுகிறார். ஆனால் கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை அசைந்து, வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் செயல்படும் அந்தச் சிறு தாமதத்துக்குள் மூக்கு தானாகவே விழத் தொடங்கியிருக்கும்; தள்ளியதும் சேர்ந்து, முன்பைவிடப் பலமாக மூக்குச் சக்கரம் தரையில் மோதுகிறது. இப்போது துள்ளல் இன்னும் உயரம், அதற்கு எதிரான தள்ளுதல் இன்னும் பலம். ஒவ்வொரு சுழற்சியிலும் கையின் அசைவு விமானத்தின் அசைவுக்கு ஒரு படி பின்தங்கி, அதை அடக்குவதற்குப் பதிலாக வளர்க்கிறது. பிரதான சக்கரங்களின் தாங்கிகள் விமானத்தின் முழு எடையையும் ஏற்க அமைந்தவை. மூக்குத் தாங்கி அப்படிப்பட்டதன்று. ஓரிரு மோதலிலேயே அது மடங்கலாம், ப்ரொப்பல்லர் தரையில் அடிபடலாம், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவர் நெளியலாம்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இதுதான். பிரதான சக்கரங்கள் தொட்டு ஓரடி, இரண்டடி மட்டும் துள்ளினால், ஃபிளேரில் இருந்த மூக்கு நிலையை மாற்றாமல் பிடித்து, சற்றே பவர் சேர்த்து, விமானத்தை மெல்ல அமர விடலாம். துள்ளல் அதைவிட உயரமானால், அல்லது மூக்குச் சக்கரம் முதலில் தொட்டதாக உணர்ந்தால், முதல் துள்ளலிலேயே முழு பவர் கொடுத்து மேலேறுங்கள். எந்த நிலையிலும் யோக்கைத் தள்ளி விமானத்தைத் தரையில் அமர்த்த முயலாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ப்ரொப்பல்லர் தரையில் அடிபட்ட ஓசை கேட்டாலோ, எஞ்சினில் புதிய அதிர்வு தெரிந்தாலோ, முன்னே ஓடுபாதை மிச்சம் இருக்கும்வரை மேலேற முயலக் கூடாது. சேதமுற்ற ப்ரொப்பல்லரோடு காற்றில் இருப்பதைவிட, உடைந்த மூக்குச் சக்கரத்தோடு தரையில் நிற்பது எவ்வளவோ மேல். பவர் நெம்புகோலான த்ராட்டிலை முழுவதும் மூடி, நேராக நிறுத்துங்கள். அலைபாய்தல் தொடர விடாமல் முதல் துள்ளலிலேயே மேலேறச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலேறும் வரிசை

1. த்ராட்டிலை முழுவதும், ஆனால் வெடுக்கென்று தள்ளாமல், ஓரிரு நொடியில் திறக்கவும். கார்புரேட்டரில் பனி உறையாமல் காக்கும் கார்புரேட்டர் ஹீட் திறந்திருந்தால் மூடவும்.

2. மூக்கைப் பிடிக்கவும். இறங்குவதற்காக ட்ரிம் செய்யப்பட்ட விமானம், முழு பவர் வந்ததும் மூக்கைப் பலமாக மேலே தூக்கும். தடுக்காவிட்டால் தரைக்கு அருகிலேயே ஸ்டால் ஆகும். இந்த உந்தலை எதிர்க்க எவ்வளவு பலம் தேவை என்பதைப் பயிற்றுநருடன் பாதுகாப்பான உயரத்தில் பலமுறை உணர்ந்திருக்க வேண்டும். கூடவே, விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும் ப்ரொப்பல்லர் உள்ள விமானத்தில் மூக்கு இடப்புறம் ஓடும். வலது ரடரை அழுத்தி நேராக வைக்கவும்.

3. ஃபிளாப்பைப் படிப்படியாகக் குறைக்கவும். செஸ்னா 172இல் 30 பாகையிலிருந்து உடனே 20 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். மீதத்தை, வேகமும் உயரமும் கூடிய பிறகு. ஒரே மூச்சில் முழுவதையும் உள்ளே இழுத்தால் விமானம் தாழ்ந்து தரையில் மோதக்கூடும்.

4. உயர்மானி ஏறுவதையும் வேகம் கூடுவதையும் உறுதிசெய்தபின் கோபுரத்துக்குத் தெரிவிக்கவும். மேலேற யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலில் விமானத்தை ஓட்டுவது, பிறகே பேசுவது.

தரைக்கு மிக அருகில் தொடங்கினால் இறக்கை நீளத்துக்கும் குறைவான உயரத்தில், தரையை ஒட்டிப் பறக்கும்போது காற்றின் இழுவை குறையும் தரைவிளைவின் உதவி கிடைக்கும். விமானம் எழும்பிவிட்டதாகத் தோன்றினாலும் அந்த உயரத்தைத் தாண்டும்போது சற்றே தொய்யும். செஸ்னா 172இன் இறக்கை நீளம் 11 மீட்டர். ஆகவே வேகம் சேரும்வரை மூக்கை அதிகம் உயர்த்தாமல் பொறுத்திருக்க வேண்டும்.

பயிற்றுநரோ சக மாணவர்களோ ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் பலரை இந்த முடிவிலிருந்து தடுக்கிறது. தனிப் பறப்பில் ஒருவர் தானாக முடிவெடுத்து மேலேறியதைக் கண்ட பயிற்றுநர், அவரை நம்பி அனுப்பியது சரிதான் என்றே எண்ணுவார்.

குறுக்குக் காற்றும் தரை ஓட்டமும்

குறுக்குக் காற்றில் நண்டு நடையாக மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வந்தாலும், தொடுவதற்கு முன் ரடரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையை, யோக்கைத் திருப்பி, எய்லரானால் (இறக்கை நுனியருகே உள்ள அசையும் பலகையால்) தாழ்த்த வேண்டும். அந்தப் பக்கத்துப் பிரதான சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, கடைசியாக மூக்குச் சக்கரம். சில விமானங்களில் மூக்குச் சக்கரம் ரடர் பெடலோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், அது தரையைத் தொடும் கணத்தில் பெடல் நடுநிலையை நெருங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டதும் விமானம் பக்கவாட்டில் பாயும்.

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்துவிட்டதாக யோக்கைத் தளர்த்துவது பரவலான பழக்கம். வேகம் குறையக் குறைய எய்லரானின் பலம் குறைவதால், அதை மேலும் மேலும் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டே போய், நிற்கும்போது முழுவதும் திருப்பியிருக்க வேண்டும். யோக்கைப் பின்னிழுத்தே வைத்திருங்கள். அதைத் தள்ளினால் எடை மூக்குச் சக்கரத்தில் ஏறிப் பிரதான சக்கரங்கள் இலகுவாகும். அந்த நிலையில் பிரேக் போட்டால் அவை பூட்டிக்கொண்டு வழுக்கும், விமானம் மூக்குச் சக்கரத்தை அச்சாகக் கொண்டு சுழலும். திசையை யோக்கால் திருப்ப முயலாமல் கால்களால் மட்டுமே காக்க வேண்டும். மூன்று சக்கரங்களும் தரையில் அமர்ந்து வேகம் குறைந்த பிறகு பிரேக்கை மிதமாக அழுத்துங்கள்.

பலமாக இறங்கிவிட்டால்

ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் விமானத்தை நிறுத்தி, பயிற்றுநரை அழையுங்கள். தொட்டு உடனே எழும்பும் பயிற்சியில் இருந்தாலும், பலமாக மோதியபின் அந்த ஓட்டத்திலேயே மறுபடி எழும்பக் கூடாது. எஞ்சினை அணைத்த பின், ப்ரொப்பல்லர் நுனிகளில் வளைவோ கீறலோ, மூக்குத் தாங்கியில் எண்ணெய்க் கசிவோ, தீத்தடுப்புச் சுவரை ஒட்டிய தகடுகளில் சுருக்கமோ, டயரில் தேய்ந்த தட்டையான இடமோ, பிரேக் குழாயில் ஒழுகலோ இருக்கிறதா என்று பயிற்றுநருடன் சேர்ந்து பாருங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும், பொறியாளர் பார்த்துச் சான்றளிக்கும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது. ப்ரொப்பல்லர் தரையைத் தொட்டதென்றால், எஞ்சின் நின்றுவிடாமல் சீராக ஓடிக்கொண்டே இருந்தாலும், அதன் உட்பாகங்களைச் சோதித்தாக வேண்டும். உள்ளே ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாது. நீங்கள் சொல்லாமல் விட்ட மோதலை அறியாமல், அடுத்த மணி நேரத்தில் வேறொரு மாணவர் அதே விமானத்தில் தனியாகப் புறப்படுவார்.

அன்றே, நினைவு மங்குவதற்குள், ஃபைனலில் இருந்த வேகம், காற்று, ஃபிளேரின்போது கண் பார்த்த இடம், முதலில் தொட்ட சக்கரம், கை செய்த அசைவு ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பயிற்றுநரிடம் கொடுங்கள். அடுத்த பறப்பு அவரோடு இருக்கட்டும். அதில் 300 அடியிலிருந்து ஒரு முறை, 50 அடியிலிருந்து ஒரு முறை, ஃபிளேரின் நடுவிலிருந்து ஒரு முறை, சக்கரம் தொட்ட பிறகு ஒரு முறை என்று மேலேறிப் பழகிய பின், மீண்டும் தனியாகப் புறப்படும் நாளை அவர் குறிப்பார்.